நீலச் சைக்கிளும் மாட்ட மறந்த கொக்கியும்

ராஜகுருவுக்கு ஒரு பழக்கம் உண்டு. நின்றுகொண்டிருக்கும் எந்தச் சைக்கிளையும் அவன் சும்மா கடந்து போகமாட்டான். ரேஷன் கடை வாசலானாலும், ஆஸ்பத்திரி வாசலானாலும், கோவில் வாசலானாலும் சரி... வலது கைக் கட்டைவிரலால் டயரை ஓர் அமுக்கு அமுக்கிப் பார்ப்பான். காற்று சரியாக இருந்தால் முகத்தில் ஒரு நிறைவு. குறைவாக இருந்தால், அந்தச் சைக்கிள் யாருடையதோ, அவர் எங்கே மிதித்துக் களைக்கப் போகிறாரோ என்று ஒரு சின்ன வருத்தம். அவ்வளவுதான். ஒருமுறை பெண் பார்க்கப் போன வீட்டிலும் விரல் சும்மா இருக்கவில்லை. "காத்து கம்மியா இருக்கே!" என்று பெண்ணின் தகப்பனாரிடம் சொல்லிவிட்டான். அந்தச் சம்பந்தம் வாசலோடு நின்றது.

அருப்புக்கோட்டையிலிருந்து பாளையம்பட்டிக்குப் போகும் சாலையில் 'ஐயாத்துரை சைக்கிள் மார்ட்' என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். அந்த ஐயாத்துரையின் ஒரே மகன் ராஜகுரு. வயது இருபத்தேழு. கடையின் நாற்பது ஆண்டுப் பெயரில் இருபத்திரண்டு ஆண்டு தந்தையின் கைவேலை, மீதி மகனுடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஒன்பது வயதிலேயே பெடல் மாட்டத் தெரிந்தவன் அவன்.

ஐப்பசி மாதத்துப் புதன்கிழமை. திருச்சுழியில் ஒரு பஞ்சர் கடைக்கு மூன்று டயர்களைக் கொடுத்துவிட்டு, பஸ் நிறுத்தத்தை ஒட்டிய ராமசுப்புவின் டீக்கடையில் அவன் நின்றிருந்தான். வானம் முழுக்க மேகம். காற்றில் ஈர வாசனை.

வேப்பமரத்தடியில் ஒரு நீலச் சைக்கிள். புத்தம் புதியது. கைப்பிடியில் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கப்படவில்லை.

டீ கிளாஸை வைத்துவிட்டு நடந்தான். குனிந்தான். அமுக்கினான்.

"ஏங்க... அது என்ன கத்தரிக்காயா, அமுக்கிப் பாத்து வாங்குறதுக்கு?"

திரும்பினான். ஒரு பெண். தோளில் காக்கி நிறத் தபால் பை. கையில் மடக்கிய குடை. நெற்றியில் வியர்வையோடு கலைந்த இரண்டு முடிக்கற்றைகள். அவற்றின் கீழே இரண்டு கண்கள்... கரிசல் மண்ணில் முதல் மழை விழுந்ததும் ஒரு கருமை மினுங்குமே, அந்தக் கருமை.

"காத்து கம்மியா இருக்கு" என்றான், வழக்கம்போல.

"எனக்குக் கோவமும் கம்மியாத்தான் இருக்கு. கூட்டிறாதீக. கைய எடுங்க."

கையை எடுத்தவனின் பார்வை, முன்சக்கரத்தின் மேல் போய் நின்றது. சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கு முன்பக்கமாக வளைந்திருக்க வேண்டும். இங்கே அது பின்பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. பிரேக்குக் கட்டைகளும் சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தன. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதை யாருங்க மாட்டுனது?"

"நான்தான். ஆன்லைன்ல வாங்குனேன். அட்டைப்பெட்டியில பாதி கழண்டுதான் வந்துச்சு. வீடியோ பாத்து நானே மாட்டுனேன்." அந்த 'நானே'யில் ஒரு பெருமிதம் இருந்தது. "ஏன், என்னவாம்?"

"முன்னால போற வண்டிக்கு மூஞ்சியப் பின்னால திருப்பி வச்சிருக்கீகளே... வீடியோவக் கண்ணாடியில வச்சுப் பாத்தீகளா?"

டீக்கடைப் பெஞ்சு முழுவதும் சிரித்தது. ராமசுப்பு வடிகட்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டே, "அதான் தாயீ, நீ போற ஊருக்குப் போகாம வந்த ஊருக்கே வந்து நிக்கிற!" என்றார். மறுபடியும் சிரிப்பு.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணின் ஓரத்தில் ஏதோ ஒன்று பளபளத்தது. அதை விழவிடக் கூடாது என்று அவள் இமைகளை அகல விரித்து நின்றதை ராஜகுரு பார்த்தான். அவன் சிரிப்பு அதோடு நின்றது.

குரலைத் தணித்துக்கொண்டு கேட்டான். "வளையும்போது கால் வெரலு முன்டயர்ல இடிக்குதா?"

"...ஆமா. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஃபோர்க்கு திரும்பியிருந்தா இடிக்கும். பெட்டியில மடக்கி வைக்கும்போது அதைத் திருப்பித்தான் வைப்பாக. அத நாமதான் நேராக்கணும். நூறு பேருல எழுபது பேரு இப்படியே மாட்டிட்டுப் போயிருவாக." எண்ணிக்கை அப்போதுதான் அவன் கண்டுபிடித்தது. ஆனால் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"இங்க பஞ்சர் கடையில கேட்டேங்க. ஆன்லைன் வண்டியத் தொடமாட்டோம், வாங்குன எடத்துலயே போய் மாட்டிக்கங்கன்னுட்டாக. வாங்குன எடம் எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது. செல்லுக்குள்ள எங்கயோ இருக்கு."

"கடையிலயே வாங்கிருக்கலாமே?"

"ஏறி எறங்குனேனே! அருப்புக்கோட்டையில ஒரு கடை... கண்ணாடிய நெத்தியில ஏத்தி வச்சுக்கிட்டு ஒரு பெரியவரு. 'வீட்ல ஆம்பளைகளக் கூட்டிட்டு வாம்மா, பொம்பளப்பிள்ள ஒத்தையில வந்து சைக்கிள் வாங்குறதா?'ன்னு கேட்டாரு. செல்லு என்கிட்ட அப்படிக் கேக்கல."

கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொள்ளும் சைக்கிள் கடைக்காரர் அருப்புக்கோட்டையில் ஒருவர்தான். அவரை ராஜகுரு 'அப்பா' என்று அழைப்பான்.

"நான் சரி பண்ணித் தாரேன்" என்றான்.

தன் மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து ஸ்பேனர் பையை எடுத்தான். முன்பிரேக்கின் கம்பியைக் கொக்கியிலிருந்து கழற்றிவிட்டு, கைப்பிடியின் நடுத்திருகைத் தளர்த்தினான். "ஹேண்டில ஆடாமப் பிடிங்க." அவள் பிடித்தாள். சக்கரத்தை அரைவட்டம் சுற்றினான். இதுவரை முறைத்துக்கொண்டு நின்ற வண்டி, நாணி முகம் திருப்பிச் சிரித்தாற்போல் அழகாகிவிட்டது. திருகை இறுக்கினான்.

முதல் துளி அவன் புறங்கையில் விழுந்தது. அடுத்தது கைப்பிடியில். பிறகு வேப்பமரம் முழுக்கச் சலசலத்தது...

"மழை!" என்றாள் அவள். வானத்தைப் பார்க்க நிமிர்ந்தவள், வழியில் அவனையும் பார்த்தாள். இமையில் ஒரு துளி. அதன் பின்னால் சற்றுமுன் அழத் துணியாத கண்கள், இப்போது சிறு குழந்தையினுடையவை போல் மலர்ந்திருந்தன. இந்த வானம் பார்த்த சீமையில் மழையைப் பார்த்துச் சிரிக்காத கண் கிடையாது. ஆனால் இப்படி...

ஒரு கணம். இரண்டு கணம்.

"முடிஞ்சிருச்சா?"

"ம்? ஆமா... எல்லாம் முடிஞ்சிருச்சு."

"எவ்வளவுங்க?"

"ஒண்ணும் வேண்டாம்."

"ஓசியில வேலை வாங்குற பழக்கம் எனக்கு இல்ல. ராமசுப்பண்ணே, இவுக குடிச்ச டீக்கு நான் தாரேன்." காசை வைத்தாள். பையின் மேல் பாலித்தீன் தாளைச் சுற்றினாள். ஏறினாள்.

"பேரு?" என்று மழைக்குள் கத்தினான் அவன்.

"வண்டிக்கா, எனக்கா?"

"ரெண்டுக்கும்!"

"வண்டிக்கு இன்னும் வைக்கல. எனக்கு மாரீஸ்வரி!"

நனைந்துகொண்டே அருப்புக்கோட்டை வரை வந்த ராஜகுரு, வழியில் நான்கு சைக்கிள்களைக் கடந்தான். ஒன்றையும் அமுக்கிப் பார்க்கவில்லை.

*

மாரீஸ்வரியின் ஊர் திருச்சுழிக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்கு நடுவே இருந்தது. தாய் தகப்பன் இல்லை. அண்ணன் தங்கபாண்டியும் மதினி முத்துலட்சுமியும்தான் வீடு. கொத்தமல்லியும் உளுந்தும் போட்டு, மழையை நம்பிப் பிழைக்கும் குடும்பம். இரண்டு மாதங்களுக்கு முன்புதான் உள்ளூர்க் கிளை அஞ்சலகத்தில் தபால் பட்டுவாடா செய்யும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. நான்கு சிற்றூர்கள். ஒன்றுக்கொன்று கண்மாய்க்கரையும் மண்பாதையும். நடந்தே கொடுத்து முடித்தால் திருச்சுழிக்குப் போய் பஸ்ஸில் பையை ஏற்றும் நேரம் தவறிவிடும்.

தங்கபாண்டி கெட்டவன் அல்லன். தங்கை வெயிலில் கருகி வருவதைப் பார்க்கப் பொறுக்காதவன். "இந்த மாசம் முடியட்டும். நேரத்துக்கு முடிக்கத் தோதுப்படலன்னா வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வீட்ல இரு" என்று தீர்ப்புச் சொல்லியிருந்தான். அந்தத் தீர்ப்புக்குப் பதிலாகத்தான் முதல் சம்பளத்தில் நீலச் சைக்கிள் வந்தது. பண்டிகைத் தள்ளுபடியில், இருப்பதிலேயே விலை குறைந்தது. அந்தச் சைக்கிள் ஓடினால் வேலை நிலைக்கும். ஓடாவிட்டால் வேலை போகும். அவளுக்கு அது அவ்வளவு நேரான கணக்காக இருந்தது.

புதன், வியாழன் இரண்டு நாளும் நேரத்துக்கு முன்பே முடித்துவிட்டாள். சமதரையில் அது குருவிபோல் ஓடியது; நிறுத்தப் பின்பிரேக்கே போதுமாக இருந்தது. ஓடும்போதெல்லாம், மழையில் 'பேரு?' என்று கத்திய குரல் காதருகே கூடவே வந்தது. 'சரியான வாயாடி... ஆனா கை சுத்தம்' என்று நினைத்துக்கொண்டாள். தானாகச் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை, கண்மாய்க்கரை இறக்கம். ஈரக் கரிசல் சக்கரத்தில் அப்பிக்கொண்டு பின்பிரேக் வழுக்கியது. முன்பிரேக்கைப் பிடித்தாள். பிடி சும்மா உள்ளே போனது, ஒன்றும் பிடிக்கவில்லை...

கண் திறந்தபோது கருவேல முள்ளுக்குள் கிடந்தாள். இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. முன்சக்கரம் வளைந்து கிடந்தது. தபால் பையை மட்டும் வலக்கை தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தது. ஒரு கடிதம்கூட நனையவில்லை.

வந்து தூக்கியவர்கள் வண்டியைப் பார்த்தார்கள். முன்பிரேக்குக் கம்பி கழன்று தொங்கியது. "ஆன்லைன் சாமானுன்னா இப்படித்தான்" என்றார் ஒருவர். "அதையும் அந்தப் பிள்ளையே மாட்டுச்சாம்ல?" என்றார் இன்னொருவர். தங்கபாண்டி அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனான். வீட்டுக்கு வந்து மருந்து போட்ட பிறகு, "திங்கக்கிழமை எழுதிக் குடுத்துரலாம் பாப்பா" என்றான் மெதுவாக. திட்டியிருந்தால் அவள் எதிர்த்திருப்பாள். அந்த மென்மையை எதிர்க்க அவளுக்குத் தெரியவில்லை.

*

சனிக்கிழமை காலையில் அந்தச் செய்தி ஐயாத்துரையின் கடைக்கு வந்து சேர்ந்தது. வந்த செய்தியை அவர் வாடிக்கையாளர்களுக்கு மகிழ்ச்சியோடு பரிமாறினார்.

"கேட்டீகளா? திருச்சுழிப் பக்கம் ஒரு தபால்காரப் பிள்ள. ஆன்லைன்ல சைக்கிள் வாங்கி, தானே மாட்டி... கரையிலருந்து விழுந்து கையில அடி. முன்பிரேக்குக் கம்பி கழண்டு தொங்குச்சாம்! இதுக்குத்தான் நாப்பது வருசமா ஒரு கடை இருக்கு."

ராஜகுருவின் கையிலிருந்த, சக்கர அச்சில் போடும் பால்ரஸ் குண்டுகள் தரையில் சிதறின.

கழன்று தொங்கியதா? அது கழலவில்லை... அவன் கழற்றினான். சக்கரத்தைச் சுற்றுவதற்காகக் கொக்கியிலிருந்து அவன்தான் கழற்றினான். பிறகு திருகை இறுக்கினான். பிறகு மழை வந்தது. பிறகு... பிறகு கொக்கியில் மாட்டவேயில்லை!

இந்த இடத்தில் ஒரு சிறு கதை சொல்ல வேண்டியிருக்கிறது. ஆள்காட்டிக் குருவி கூடு கட்டாது. கட்டாந்தரையில் கூழாங்கல்லுக்கு நடுவே முட்டையிடும். அதைப் பார்த்து ஒரு மயில் வயிறு குலுங்கச் சிரித்ததாம். சிரித்த வேகத்தில் தோகை சுழன்று, ஒரு முட்டையை உருட்டிப் பள்ளத்தில் தள்ளிவிட்டதாம். மற்றப் பறவைகள் வந்து பார்த்து, "வெறுந்தரையில் முட்டையிட்டால் இப்படித்தான் ஆகும்" என்று குருவிக்குப் புத்தி சொல்லிப் போயின. உண்மை மயிலுக்குத் தெரியும். ஆனால் தோகை அழகானது. அதைக் குற்றம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மயில் என்ன செய்தது? முட்டையைப் பறிகொடுத்த குருவிக்கு ஒரு தானியக் கதிரைக் கொண்டுபோய்க் கொடுத்ததாம். உண்மையைத் தவிர வேறு எதையும் கொடுக்கத் தயாராக இருந்தது அது.

ராஜகுருவும் அதையே செய்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில், கடையிலேயே நல்ல சிவப்புச் சைக்கிள் ஒன்றை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, ராமசுப்புவிடம் வழி கேட்டு அவள் ஊருக்குப் போனான்.

வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த முத்துலட்சுமி எழுந்து நின்றாள். தங்கபாண்டி வெளியே வந்தான். பின்னால், கையில் கட்டோடு மாரீஸ்வரி. அவனைக் கண்டதும் அவள் முகத்தில் ஒரு விளக்கு எரிந்தது. சைக்கிளைக் கண்டதும் அது அணைந்தது.

"இது என்ன?"

"உங்களுக்குத்தான். எங்க கடை வண்டி. சும்மா வச்சுக்கங்க. காசு வேண்டாம்."

தங்கபாண்டி தங்கையைப் பார்த்தான். "பாத்தியா பாப்பா? முன்ன பின்ன தெரியாதவுக பரிதாபப்பட்டு வண்டி குடுக்குற அளவுக்கு ஆயிப்போச்சு நம்ம நெலம. நாளைக்கே வேலைய எழுதிக் குடுத்துரு."

"ஏன் சும்மா குடுக்கீக?" என்றாள் மாரீஸ்வரி.

நாக்கின் நுனி வரை வந்தது. 'நான்தான் காரணம்' என்று இரண்டு சொல். நாற்பது ஆண்டுக் கடையின் பெயர்ப்பலகை கண்முன் வந்து நின்றது. அந்தச் சொற்கள் திரும்பிப் போய்விட்டன.

"...அடிபட்டிருச்சுன்னு கேள்விப்பட்டேன். அதான்."

"அது என் வண்டிங்க. என் சம்பளத்துல நான் வாங்குனது. அது மட்ட வண்டின்னு ஊரே சொல்லுது. மாட்டத் தெரியாதவ மாட்டுனான்னும் சொல்லுது. ரெண்டு நாளா நானும் அதை நம்ப ஆரம்பிச்சுட்டேன்..." கட்டுப் போட்ட கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "ஒங்க வண்டிய வாங்கிக்கிட்டா, அதெல்லாம் நெசம்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. கொண்டு போங்க."

உள்ளே போய்விட்டாள். சிவப்புச் சைக்கிள் மறுபடியும் ஆட்டோவில் ஏறியது. முத்துலட்சுமி மட்டும், போகும் அவனை முறத்துக்கு மேலாக நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா வண்டி கொடுக்க வந்தவன், ஏன் களவு செய்தவன்போல் திரும்பிப் போகிறான்?

*

அன்று பிற்பகலே ராஜகுரு தந்தையிடம் சொல்லிவிட்டான். டீக்கடை, ஃபோர்க்கு, கொக்கி எல்லாவற்றையும். மழையில் பார்த்த கண்களை மட்டும் சொல்லவில்லை.

ஐயாத்துரை கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கினார். மகனைத் தெளிவாகப் பார்க்க வேண்டியிருந்தது.

"நீயாடா? ஒன்பது வயசுலருந்து ஸ்பேனர் பிடிக்கிற நீயா?"

"நான்தான்பா."

"சரி. வாய மூடிக்கிட்டு இரு. யாருக்குடா தெரியும்?"

"எனக்குத் தெரியும்பா."

"கடைப் பேரு போயிரும்டா."

"அந்தப் பிள்ளைக்கு வேலையே போகுதுப்பா. நாளைக்கு எழுதிக் குடுக்கப் போறாகளாம்." சற்று நிறுத்தி மெல்லச் சொன்னான். "அது மொதல்ல நம்ம கடைக்குத்தான் வந்துச்சாம். ஆம்பளைகளக் கூட்டிட்டு வான்னு திருப்பி அனுப்பிட்டீகளாம்."

ஐயாத்துரை கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார். அன்று இருட்டும் வரை கல்லாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

திங்கட்கிழமை காலையில் ராஜகுரு மோட்டார் சைக்கிளைக் கிளப்பியபோது, கடைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"எங்கடா, வெறுங்கையோடயா போற? முன்வீலு வளைஞ்சிருக்கும்ல?" புது ரிம்மும், கோத்துத் தயாராக இருந்த கம்பிகளுமாக ஒரு முழுச் சக்கரத்தைக் கொண்டுவந்து அவன் தோளில் மாட்டிவிட்டார். விடிகாலையில் எழுந்து தானே கோத்திருக்கிறார் என்பது, விரல்களில் ஒட்டியிருந்த கிரீஸில் தெரிந்தது. "நம்ம கைத்தப்பு. நம்ம வீலு. போ, போ... பாத்துக்கிட்டே நிக்காத."

*

கிளை அஞ்சலகம் ஓர் ஒற்றை அறை. முதியோர் பணம் வாங்கப் பத்துப் பன்னிரண்டு பேர் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். நீலச் சைக்கிள் சுவரில் சாய்ந்து, வளைந்த சக்கரத்தோடு நின்றது. தங்கபாண்டி எழுதிய தாள் மேசைமேல் இருந்தது. மாரீஸ்வரியின் கையெழுத்து மட்டும் பாக்கி. முத்துலட்சுமி முந்தானையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றாள்.

தோளில் சக்கரத்தோடு ஒருவன் வாசலில் வந்து நின்றான்.

"மறுபடியும் தானமா?" என்றாள் மாரீஸ்வரி.

"இல்லங்க. சொல்ல வேண்டியதைச் சொல்லாமப் போயிட்டேன். அதைச் சொல்ல வந்தேன்." அவன் அவளைப் பார்க்கவில்லை. வாசலில் இருந்தவர்களைப் பார்த்தான். தங்கபாண்டியைப் பார்த்தான். "அண்ணே, எல்லாரும் கேட்டுக்கங்க. அந்தச் சைக்கிள்ல தப்பு இல்ல. இவுக மேலயும் தப்பு இல்ல. புதன்கிழமை திருச்சுழியில அந்த வண்டிய நான் கழட்டி மாட்டுனேன். முன்பிரேக்குக் கம்பியக் கழட்டுனவன், திரும்பக் கொக்கியில மாட்டாம விட்டுட்டேன். அதனாலதான் இவுக விழுந்தாக. அருப்புக்கோட்டை ஐயாத்துரை சைக்கிள் மார்ட் மகன் ராஜகுரு. தப்பு என்னுது."

யாரோ வெற்றிலை இடிப்பதை நிறுத்தினார்கள்.

மாரீஸ்வரி பேனாவை மேசைமேல் வைத்தாள். "நேத்தே ஏன் சொல்லல?"

"பயம். கடைப் பேரு போயிருமேன்னு பயம்."

"மூணு நாளா நான்... என்னையவே நான் மட்டமா நெனச்சுக்கிட்டு இருந்தேன், தெரியுமா?"

"நேத்து ஒங்க முகத்தப் பாத்ததும் தெரிஞ்சிருச்சு. தெரிஞ்சும் சொல்லாமப் போனேன். அது கொக்கிய விட்டதவிடப் பெரிய தப்பு."

தங்கபாண்டி அருகே வந்தான். அடிக்கப் போகிறானோ என்று சிலர் எழுந்தார்கள். அவன் கேட்டது வேறு. "நாப்பது வருசக் கடைக்காரரு மகன் நீங்க. ஒரு கொக்கிய எப்படி மறந்தீக?"

"கவனம்... வேற பக்கம் போயிருச்சுண்ணே."

"எந்தப் பக்கம்?"

ராஜகுரு தரையைப் பார்த்தான். காது மடல் சிவந்தது. மாரீஸ்வரிக்கு அந்த மழையும், இமையில் நின்ற துளியும் நினைவுக்கு வந்தன. அவள் சட்டென்று முத்திரைப் பெட்டியைத் திறந்து எதையோ தேடினாள். அதில் தேடுவதற்கு ஒன்றுமே இல்லை.

"ஏங்க, மேல மேல கேக்காதீக" என்று முத்துலட்சுமி கணவனின் கையைப் பிடித்து இழுத்தாள். "எந்தப் பக்கம்னு எனக்குத் தெரிஞ்சிருச்சு. ஒங்களுக்கு அப்புறமாச் சொல்றேன்."

தங்கபாண்டி மேசைமேலிருந்த தாளை எடுத்தான். நாலாக மடித்தான். "வண்டி மேலயும் தப்பில்ல. ஒன் மேலயும் தப்பில்ல. அப்ப எழுதிக் குடுக்க எனக்கு ஏது பாப்பா காரணம்?" அதை மனைவியிடம் நீட்டினான். "அடுப்புப் பத்த வைக்க ஆகும், வச்சுக்க."

முத்துலட்சுமி அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்ட வேகத்தைப் பார்த்து, வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பில் மாரீஸ்வரியும் இருந்தாள்.

அரை மணி நேரத்தில் புதுச் சக்கரம் ஏறியது. கம்பியைக் கொக்கியில் மாட்டி, பிடித்து, விட்டு, மறுபடி பிடித்துப் பார்த்தான்.

"கையில கட்டு இருக்கு. இன்னிக்கு எப்படி ஓட்டுவீக?" என்றான்.

"உருட்டிக்கிட்டுப் போவேன்."

"வண்டிய நான் உருட்டிட்டு வாரேன். பைய நீங்க வச்சுக்கங்க. அத வேற ஆளு தொடக்கூடாதுல்ல." பிறகு கொஞ்சம் தயங்கினான். "நாலு ஊரும் நீங்க மாட்டத் தெரியாம விழுந்ததாத்தான் பேசிக்கிட்டு இருக்கு. இங்க மட்டும் சொன்னாப் பத்தாது."

அப்படித்தான் அந்தப் பயணம் தொடங்கியது. மழை கழுவிவிட்ட கரிசல் காடு இருபுறமும் கறுத்து மின்னியது. மல்லிப் பயிர் விரல் உயரம் எழுந்திருந்தது. அவள் கடிதம் கொடுக்கும் ஒவ்வொரு வாசலிலும் அவன் ஓரடி முன்னால் வந்தான். "அன்னிக்கு இவுக விழுந்தது என் தப்பு. நான் மாட்டுனதுலதான் கோளாறு" என்றான். முதல் ஊரில் திக்கித் திக்கிச் சொன்னான். இரண்டாம் ஊரில் பழகிவிட்டது. மூன்றாம் ஊரில் ஒருவர், "சரிப்பா, நேத்து எங்க ஆடு காணாமப் போச்சு, அதுவும் ஒன் தப்புதானா?" என்று கேட்டார். அவள் குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

நான்காம் ஊரின் கடைசி வீடு செல்லக்கிளி அக்காவினுடையது. பதிவுத் தபாலுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இது யாரு மாரி, புதுசா?"

அவன் தொண்டையைச் சரிசெய்துகொண்டான். "அக்கா, அன்னிக்கு இவுக விழுந்தது என் தப்பு..."

"போதும்" என்றாள் மாரீஸ்வரி.

அவன் திகைத்தான்.

"நாலு ஊருலயும் தப்பச் சொல்லிட்டீக. அறுபது வீடாச்சு. அது ஏன் நடந்துச்சுன்னு ஒரு வீட்டுலகூடச் சொல்லல. பாதிய மட்டும் சொன்னா அது ஒத்துக்கிட்டதா ஆகுமா?" குரலில் குறும்பு இருந்தது. ஆனால் தபால் பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். "மீதியையும் சொல்லிருங்க. எங்க அண்ணனுக்குச் சொல்லாதத... எனக்குச் சொல்லுங்க."

ராஜகுரு சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தினான். கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"கம்பிய மாட்டப் போனேன்" என்றான். "அப்பத்தான் மழை வந்துச்சு. நீங்க நிமிந்து பாத்தீக. அதுக்கப்புறம்... கொக்கி எங்க, கம்பி எங்க, நான் எங்கன்னு எனக்குத் தெரியலங்க. என் கை தப்புப் பண்ணுனது அந்த ஒரு நாளுதான். ஒங்கள எனக்குப் புடிச்சுப்போச்சு. அன்னிக்கே சொல்லியிருந்தா, ஒருவேளை கொக்கியும் ஞாபகம் வந்திருக்கும்."

செல்லக்கிளி வாயில் கை வைத்தாள். "ஆத்தீ! பதிவுத் தபால்ல வர வேண்டிய சேதிய வாசல்ல நின்னு சொல்றானே!"

மாரீஸ்வரி அவனைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, முகம் முழுக்கச் சிரிப்பாகச் சொன்னாள்.

"எனக்கும்தான். அந்த டீக்கு நான் காசு குடுத்தப்பவே..."

பிறகு குடையை விரித்து, அதில் பாதியை அவன் பக்கம் சாய்த்தாள். "வாங்க, நேரமாச்சு. திருச்சுழிக்குப் போயி பைய பஸ்ஸுல ஏத்தணும். ராமசுப்பு கடைப் பெஞ்சு பாக்கி இருக்கு. மொதல்ல சிரிச்சது அங்கதான. அங்கயும் சொல்லணும்ல?"

"சொல்றேன்" என்றான் ராஜகுரு. "பெஞ்சுமேல ஏறி நின்னு சொல்றேன்."

சொன்னபடியே செய்தான். மூன்று மணிப் பஸ்ஸில் பையை ஏற்றிவிட்டு அவள் திரும்பியபோது, டீக்கடைப் பெஞ்சின் மேல் ஓர் ஆள் நெடுநெடுவென்று நின்றுகொண்டிருந்தான். "அண்ணன்மார்களே, அன்னிக்கு நீங்க பாத்துச் சிரிச்சிருக்க வேண்டிய ஆளு இவுக இல்ல, நான்தான். இப்பச் சிரிங்க!" என்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.